கிணற்றுக்குள் குதிப்பவர்

மழையில் குடையில்லாமல் வருகிறவரைப் பார்த்தால் அக்கா தன் குடையை மடக்கிவிடுவார். பங்கிட்டுக்கொள்ள முடியாத சிறிய குடை அது. ஒருவர் நனையாமல் போகலாம்; இருவர் போக முடியாது. ஆகவே அதை மடக்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, நனைகிறவரோடு சேர்ந்து தானும் நனைந்தபடி நடப்பார்.

நான் முதன்முதலில் அவரோடு சண்டை போட்டது இதற்காகத்தான்.

"குடைய விரிங்க அக்கா."

"நீ நனையும்போது நான் மட்டும் எப்படி?"

"நீங்க மடக்கினதால நான் ஒண்ணும் காய்ஞ்சிடலையே."

"இருக்கட்டும் லா. நட."

பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது இரண்டு பேர் உடையிலிருந்தும் நீர் சொட்டியது. அவர் கையிலிருந்த கோப்பிலிருந்தும் சொட்டியது. குடை விரிந்திருந்தால் அந்தக் கோப்பாவது தப்பித்திருக்கும். மை கரைந்த பக்கங்களைப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தோம். அதையும் சேர்ந்துதான் செய்தோம்.

எந்த ஆண்டு என்று சரியாகச் சொல்லிவிட ஆசைதான். தேதி தெரியாத நினைவு எனக்குக் கால் சரியில்லாத நாற்காலி மாதிரி. உட்கார மனம் வராது. எங்கள் அலுவலகத்தில் டெலெக்ஸ் இயந்திரத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு ஃபேக்ஸை மேசைமேல் வைத்திருந்தார்கள். கணினி இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் வந்திருந்தது. எனவே தொண்ணூறுகளின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் நெருங்க முடியவில்லை.

கப்பல் சரக்குப் பத்திரங்களைத் தயாரித்துத் தரும் சிறிய நிறுவனம் அது. நான் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து சேர்ந்த இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் நாற்பதைக் கடந்த டைப்பிஸ்ட். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. அலுவலகத்தில் மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அவரைப்பற்றி யார் கேட்டாலும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த நல்ல குணம் பக்கத்தில் இருந்தவர்களைப் பைத்தியமாக்கியது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து உப்பில்லாத கஞ்சியோடு அலுவலகம் போன நாட்களில், அவரும் வீட்டிலிருந்து உப்பில்லாத கஞ்சி கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்து, முகத்தைச் சுளிக்காமல், கடைசிப் பருக்கைவரை குடித்தார். அடுத்த மேசைக்காரர் குழம்பு மணக்கும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்கு அழுகையே வந்தது. எனக்காக அல்ல, அவருக்காக. அதற்குப் பிறகு அலுவலகத்தில் தலைவலி, வயிற்றுவலி எதுவானாலும் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம். நோயை முதலாளியிடம் மறைப்பார்கள். நாங்கள் டைப்பிஸ்டிடம் மறைத்தோம்.

ஃபெரி விஷயம் இதைவிட மோசம். கடலுக்கு அக்கரையிலிருந்த பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு அவசரமாகச் சில பத்திரங்கள் போக வேண்டியிருந்தது. மதிய உணவுக்கு அங்கே கவுண்டரை மூடும் முன் கொடுத்தால்தான் லாரியில் சரக்கு ஏறும். நாங்கள் இருவரும் கிளம்பினோம். ஃபெரி நிலையத்தில் பத்திரிகை வாங்க நான் ஒரு நிமிடம் பின்தங்கினேன். கம்பிக் கதவு என் முகத்துக்கு நேரே மூடியது. உள்ளே, பலகைப் பாலத்தில், அவர் திரும்பிப் பார்த்தார்.

"போங்க அக்கா! நீங்க போங்க!" என்று கத்தினேன். பத்திரங்கள் அவர் கையில்தான் இருந்தன. நான் வெறும் துணை.

அவர் இறங்கி வந்துவிட்டார். ஃபெரி எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது.

"ஏச்சு விழுந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்று திரும்பும் வழியில் சமாதானம் சொன்னார். பாதி விழவில்லை. எனக்கு முழுசாக விழுந்தது. அவருக்கும் முழுசாக விழுந்தது.

அந்த ஆண்டிறுதி விருந்தின் குலுக்கலில் எனக்கு மேசை விசிறியும் அவருக்குத் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் கேம் பெட்டியும் விழுந்தன. கூடவே ஒரே ஒரு கேசட். அதன்மேல் பந்தயக் காரின் படம் ஒட்டியிருந்தது. போட்டுப் பார்த்தால் உள்ளே கார் எதுவும் இல்லை. ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் ஒரு கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தனியா ஆட முடியாது தம்பி, ரெண்டு பேர் வேணும். சனிக்கிழமை வீட்டுக்கு வா" என்றார்.

டத்தோ கெராமாட் சாலையிலிருந்து பிரியும் சந்தில் வாடகை வீடு. கூடத்தில் பிரம்பு நாற்காலியில் அவருடைய அப்பா உட்கார்ந்திருப்பார். வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. இடது கையும் வாயும் நன்றாக வேலை செய்தன. மகளைத் தவிர அவருக்கு யாருமில்லை. மருந்து, வாடகை, அரிசி எல்லாம் மகளின் சம்பளம்தான். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன்.

அந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நெட்டை உயரமாகத் தாவுவான், ஏணியில் ஏறுவான். ஆனால் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டான். குட்டை பாறையைத் தள்ளுவான், சுவரை உடைப்பான். தாவச் சொன்னால் கோழி மாதிரி ஓரடி எழும்பி விழுவான். ஒருவன் வழியைத் திறக்க, மற்றவன் மேலே போக, கடைசியில் இருவரும் ஒரே கதவுக்கு வந்து சேர வேண்டும். ஒருவன் விழுந்து செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் மீண்டும் முளைப்பான்; மற்றவன் நின்ற இடத்திலேயே இருப்பான். உயிர்கள் இருவருக்கும் பொது. அவை தீர்ந்தால் ஆட்டம் முதலிலிருந்து. இடையில் நிறுத்திவைத்து மறுவாரம் தொடரும் வசதியும் அதில் கிடையாது.

அக்கா நெட்டை. நான் குட்டை.

விரல் ஓட்டத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். தட்டச்சு செய்த விரல்கள் அல்லவா. நான்தான் அடிக்கடி விழுவேன். நான் விழுந்ததும் அவர் என்ன செய்வார் தெரியுமா? நெட்டையைத் திருப்பி, அதே பள்ளத்துக்குள் குதிக்க வைப்பார். போக வேண்டிய ஓர் உயிர் இரண்டாகப் போகும். இருவரும் தொடக்கத்தில் போய் நிற்போம்.

"அக்கா! ஏன்க்கா குதிச்சீங்க?"

"சேர்ந்தே போவோம் தம்பி."

"நான் பின்னாடியே வந்திருப்பேன்ல?"

"தனியா வருவியா? வழில பாம்பு இருக்கு."

நாற்காலியிலிருந்து அங்கிள் கேட்பார்: "என்ன தம்பி, பாய்ஞ்சிட்டாளோ?"

"பாய்ஞ்சிட்டாங்க அங்கிள்."

"உவள் சின்னனிலயிருந்தே உப்பிடித்தான்."

ஆறு கட்டங்களை எப்படியோ தாண்டிவிடுவோம். ஏழாவது ஒரு கிணறு. ஆழத்திலிருந்து சுவர் ஓரத் திட்டுகளில் கால்வைத்து மேலே வர வேண்டும். பாதி உயரத்தில் திட்டு உடைந்து ஓர் இடைவெளி. நெட்டை தாண்டிவிடுவான். குட்டையால் ஒருநாளும் தாண்ட முடியாது. நான் விழுவேன், அவர் குதிப்பார், விழுவேன், குதிப்பார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்தக் கிணற்றடியில் எங்கள் உயிர்கள் தீர்ந்தன. எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்த இடைவெளி கண்ணுக்குள் நின்றது.

ஒருநாள் கோபத்தில் கண்ட்ரோலைப் பாயில் எறிந்தேன். அங்கிள்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அஞ்சாம் படிவச் சோதனை தம்பி, பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை. சினேகிதப் பிள்ளை ஒண்டு மண்டபத்தில மயங்கி விழுந்திட்டுது. டீச்சர்மார் தூக்கிக்கொண்டு போயிட்டினம். உவளுக்கு அங்க என்ன வேலை? எழுதின தாளை அப்பிடியே விட்டிட்டுப் பின்னால போயிட்டாள். அந்தப் பிள்ளை அடுத்த வருசம் எழுதி, பாஸ் பண்ணி, இப்ப பள்ளிக்கூடத்தில படிப்பிக்குது. உவள் பிறகு எழுதவேயில்லை, டைப் அடிக்கிறாள்."

"அவ கண் முழிச்சப்ப பக்கத்துல யாரு இருந்தாப்பா? நான்தானே?" என்றார் அக்கா.

"கண் முழிச்சவள் முதல்ல என்ன கேட்டவள் எண்டு தம்பிக்குச் சொல்லு."

அக்கா பாயில் கிடந்த கண்ட்ரோலை எடுத்து என் பக்கம் வைத்தார். பிறகு, "நீ ஏன் எழுதலேன்னு கேட்டா" என்றார்.

கிணற்றின் மர்மம் விடுபட்டது ஒரு கோப்பியால். அன்று அக்கா இடைவெளியைத் தாண்டி நெட்டையை மேல் திட்டில் நிறுத்தியிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. "அசையாதே, வர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அசைந்தேன். விழுந்தேன். ஆனால் இந்த முறை கூடவே குதிக்க ஆளில்லை. நெட்டை மேலேயே நின்றான்.

"உதை இஞ்ச தாரும் தம்பி" என்று அக்காவின் கண்ட்ரோலைக் காட்டினார் அங்கிள்.

"அக்கா வரட்டும் அங்கிள்."

"ரயிலுக்கு மணி அடிச்சாச்சு. தாரும்."

கண்ட்ரோலை மடியில் வைத்துக் கொடுத்தேன். அங்கிருந்து மேலே வெறும் ஏணிகள்தான், தாவத் தேவையில்லை. அவருக்கு இடது கட்டைவிரல் ஒன்றே போதுமாயிருந்தது. விழுந்தவன் என்ன ஆனான் என்று திரும்பியும் பார்க்காமல் நெட்டையை விறுவிறுவென்று ஏற்றினார். படம் அவனோடு மேலே நகர்ந்தது. கீழே இருந்த என் குட்டை திரையிலிருந்து மறைந்துபோனான். கிணற்றின் வாயில் ஒரு சக்கரம் இருந்தது. நெட்டை அதன்மேல் ஏறி நின்றதும் அது சுழன்றது. சங்கிலி ஓடியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு வாளி வந்தது. வாளிக்குள் என் குட்டை உட்கார்ந்திருந்தான்.

நான் போட்ட கூச்சலில் அக்கா கோப்பித் தட்டோடு ஓடி வந்தார். திரையில் இருவரும் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னை விட்டுட்டா போனீங்க?"

"அக்கா, மேல ஒரு சக்கரம் இருக்கு! மேல போனவங்கதான் கீழ இருக்கிறவனைத் தூக்கணும். நீங்க ஒவ்வொரு தடவையும் குதிச்சதாலதான் நமக்கு இது தெரியவே இல்ல!"

அவர் தட்டை வைத்தார். கோப்பி கொஞ்சம் சிந்தியிருந்தது. அன்று அவர் அதற்குமேல் விளையாடவில்லை.

அடுத்த வாரமே அலுவலகத்தில் இடி விழுந்தது. பீச் ஸ்ட்ரீட் கிளையை மூடிவிட்டு செபராங் ஜெயாவுக்குப் போகிறார்கள். எங்கள் பிரிவிலிருந்து ஒரே ஓர் ஆளைத்தான் கொண்டுபோவார்கள். மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, அந்த ஓர் ஆள் அவர்தான் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. எனக்கு வயது இருபத்துச் சொச்சம். ஐந்தாம் படிவச் சான்றிதழ் இருந்தது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோருக்கு ஏற்கெனவே மனுப் போட்டிருந்தேன். அவருக்கு அப்படியில்லை. சான்றிதழ் இல்லாத, நாற்பதைத் தாண்டிய டைப்பிஸ்டை, கணினி வரப்போகும் காலத்தில் யார் எடுப்பார்கள்? இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை. இது அவருக்கும் தெரியும்.

"உனக்கு இல்லாத வேலை எனக்கு எதுக்கு?" என்றார், சாப்பாட்டுக் கடையில், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அக்கா, எனக்கு வேற கிடைக்கும்."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னாலும் நீங்க வீட்டுல உக்காந்தா எனக்கு என்ன லாபம்? அங்கிள் மருந்துக்கு என்ன செய்வீங்க?"

"பார்த்துக்கலாம் லா."

"யாரு பார்த்துக்குவா? எப்படி?"

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எனக்கு அப்பளம் ஒன்றை எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. கேம் பெட்டியைப் பொருத்தினேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் சொல்வதைக் கேட்டு ஆடுங்கள் என்றேன். ஏழாவது கட்டத்துக்கு வந்தோம். அவர் இடைவெளியைத் தாண்டினார். நான் விழுந்தேன்.

நெட்டை திரும்பினான்.

"குதிக்காதீங்க! ஏறுங்க!"

ஏறினார். படம் மேலே நகர்ந்தது. பாதி ஏணியில் அவர் விரல் நின்றது.

"கீழ உன்னைக் காணோம் தம்பி."

"திரையில தெரியாதுக்கா. நான் இருக்கேன்."

"இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உங்க பக்கத்துல உக்காந்துதானே பேசுறேன்! ஏறுங்க லா!"

அங்கிள் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. ஒரு படி ஏறுவார், நிற்பார். இன்னொரு படி. பொம்மை விளையாட்டுக்கு ஒருவர் இவ்வளவு பயப்படுவதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏறினார். சக்கரத்தில் நின்றார். சங்கிலி ஓடியது, வாளி வந்தது, வாளிக்குள் நான் வந்தேன்.

"வந்துட்டியா!" என்று என் தோளில் அடித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நாளைக்கு இதைத்தான் செய்யணும். மேல போகணும். புரியுதா?"

"புரியுது தம்பி. நல்லாப் புரியுது."

அன்று பஸ்ஸில் நான் விசிலடித்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மேனேஜர் அறைக்குள் போனார். அந்த அறைக்குச் சுவர் கிடையாது, தோளுயரப் பலகைத் தடுப்புத்தான். உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்கும். மேனேஜர் செட்டிநாட்டுக் குடும்பத்தவர், எதையும் சுருக்கமாகப் பேசுகிறவர்.

"என்னம்மா, வர்றீங்கதானே?"

"வர்றேன் சார். தம்பியையும் எடுத்துக்கணும்."

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"இடம் ஒண்ணுதாம்மா."

"நான் மேல வந்தா அவனையும் தூக்கணும் சார். அதுதான் முறை."

"என்ன முறை? இது என்ன பாசார்ல மீன் வாங்குறதா, ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மா குடுக்க? வர்றீங்களா, வரலியா?"

நான் தடுப்புக்கு அருகே ஓடினேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"அவன் இல்லன்னா நானும் வரல சார்."

வெளியே வந்தவரைப் படிக்கட்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. கீழே டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது. அக்கா நான் முடிக்கும்வரை கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்? மேல போனேன். சக்கரத்துல நின்னேன். வாளி வரல. நான் என்ன செய்யட்டும்?"

நான் திரும்பிப் படியேறினேன்.

அந்த இடத்துக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் பீச் ஸ்ட்ரீட் கிளையின் கதவு மூடியது. சில வாரங்களில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் சொன்னபடியே, அவருடைய உதவி கொஞ்சமும் இல்லாமல். சேர்ந்த இரண்டாம் நாளே அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் போய், டைப்பிஸ்ட் வேண்டுமா என்று கேட்டேன். சான்றிதழ் உண்டா என்று கேட்டார்கள். வெளியே வந்து, சுவரை ஓர் உதை உதைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டு வாசலில் சிறிய அட்டை தொங்கியது: தட்டச்சு செய்து தரப்படும். உள்ளே மேசையில் யாரோ ஒரு மாணவியின் கட்டுரைத் தாள்கள், இரண்டு மூன்று. அங்கிளின் மருந்துப் புட்டிகள் இருந்த அலமாரியில் முன்பைவிட இடம் நிறைய இருந்தது.

எனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு அவர் அடைந்த மகிழ்ச்சியைப்போல வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. தனக்கே கிடைத்ததுபோல முகம் மலர்ந்தது. சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கோப்பி கொண்டுவந்தார். அவருக்கு என்மேல் எந்தக் குறையும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"வா, ஒரு ஆட்டம்" என்றார்.

ஆறு கட்டங்கள். பிறகு கிணறு. அவர் இடைவெளியைத் தாண்டினார். நான் விழுந்தேன். அவர் நான் சொல்லாமலே ஏணியில் ஏறினார். படம் நகர்ந்து என் குட்டை மறைந்தான். சக்கரத்துக்கு இரண்டு படி இருந்தது. பக்கத்தில் அவர் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அது மேல் பொத்தானில் இருந்தது. பிறகு, அவசரமே இல்லாமல், பக்கவாட்டுக்கு நகர்ந்தது.

"அக்கா, சக்கரம்! சக்கரம் அங்கயே இருக்கு!"

"இருக்கட்டும் லா தம்பி."

பெட்டியிலிருந்து விழுகிறவனுக்கான அந்தச் சின்ன இசை வந்தது.

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பாய்ஞ்சிட்டாளோ?" என்றார்.

திரையில் கிணற்றின் அடியில் நெட்டை முளைத்து, என் குட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.